கொடைக்கானல்: வண்டிகளை எண்ணுவதா, மலையைத் திட்டமிடுவதா?

2024 மே 7 முதல், வெளியூர் வண்டிகள் இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு இல்லாமல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர முடியாது என்ற நிலை சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் ஏற்பட்டது. முதலில் ஜூன் 30 வரை என்று அறிவிக்கப்பட்ட இந்த ஏற்பாடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. எவ்வளவு பேர் வந்தால் இந்த மலைகள் தாங்கும் என்று ஆராயும் பணியில் சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் ஈடுபடுத்தப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியில் வாழ்ந்தவர்கள் 36,501 பேர். வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால்கூட, உச்சவரம்புக்கு உட்பட்ட ஒரே சனிக்கிழமையில் வந்து சேருபவர்கள் 24,000 பேர், அதாவது ஊர் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

நீதிமன்றம் தலையிட்டது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள சோதனைச் சாவடியில் வண்டிகளை எண்ணுவது ஒரு வாசலைக் காவல் காப்பது மட்டுமே. வாசலைத் தாண்டி வந்தவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்த ஓடையின் நீரைக் குடிக்கிறார்கள், அவர்கள் விட்டுச் செல்லும் குப்பை எந்தக் காட்டின் ஓரத்தில் கொட்டப்படுகிறது என்பவற்றை எந்த எண்ணிக்கையும் தீர்மானிப்பதில்லை. கொடைக்கானலில் பொழுதுபோக்கு இடங்கள் என்பவை இன்றுவரை வருபவருக்குக் காட்டவேண்டிய காட்சிமுனைகளாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் காட்டைப் பற்றிச் சொல்லும் கவலைகளோ தண்ணீர், காட்டுமாடு, காட்டுத்தீ, குப்பை என்று வேறு வேறு அலுவலகங்களின் மனுக்களாகச் சிதறிக் கிடக்கின்றன. இவ்விரண்டும் ஒரே வரைபடத்தில் வராத வரையில் இ-பாஸ் நெரிசலைக் குறைக்குமே தவிர, மலையைக் காக்காது.

இந்த ஊர் உருவான விதத்திலேயே இதன் வேர் இருக்கிறது. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பி, சதுப்பாகக் கிடந்த பள்ளத்தை ஏரியாக்கினார். 1872-இல் மலைவிளிம்பில் கோக்கர்ஸ் வாக் நடைபாதை அமைந்தது. 1908-இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி, இன்று அவர் பெயரால் அறியப்படும் பூங்காவை உருவாக்கினார். ஏரி, நடைபாதை, பூங்கா மூன்றும் இயற்கையாக அமைந்தவையல்ல. ஓய்வுக்கென்று திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. அன்றைய சில நூறு பேருக்காகச் செய்த அந்தத் திட்டத்தின் மீதுதான் இன்றைய ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் ஏரிச்சாலையில் சைக்கிள், குதிரை, கார், கடை, நடப்பவர் எல்லாம் ஒன்றாக நகர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காட்டையும் அதே காலம்தான் மாற்றியது. கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலைத்தொடரின் உச்சிப்பகுதி இயல்பில் முழுக் காடு அல்ல. மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் அடர்ந்த குட்டை மரங்கள் கொண்ட சோலை, அவற்றைச் சுற்றிலும் மேடுகளில் பரந்த புல்வெளி என்பதே அதன் அமைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, கடைசியாக 2018-இல் பூத்த குறிஞ்சி, அந்தப் புல்வெளியின் செடி. எரிவிறகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸ், வாட்டில் என்ற அயல் மரங்கள், சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்கான மரத்துக்காகவும் பெரும் பரப்பில் நடப்பட்டன. புல்வெளி ‘வெறும் நிலம்’ என்று கருதப்பட்டதால் மரம் நடுவது நற்செயலாகவே அப்போது தோன்றியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றும், அந்த இடத்தைப் பெரும்பாலும் வணிக மரத்தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன என்றும் காட்டியது.

கொடைக்கானலில் காடு பார்த்தேன் என்று சொல்லும் பலர் உண்மையில் பார்ப்பது பைன் மரத்தோப்பை. அந்தச் சரிவில் நின்று தரையைக் கவனித்தால் நிறையப் புரியும். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தையாகப் படிந்து கிடப்பதால் கீழே செடிகள் அதிகம் முளைப்பதில்லை. ஆட்கள் நடந்து நடந்து அந்த மெத்தையும் தேய்ந்துபோன இடங்களில் மண் கல்போல இறுகியிருக்கிறது. மழைநீர் அதில் இறங்காமல் மேலோடு ஓடி மண்ணை அரிப்பதால் மரத்தின் வேர்கள் முழங்கால் உயரத்துக்குக்கூட வெளியே தெரிகின்றன; படம் எடுப்பதற்கு அந்த வேர்கள் மீதுதான் ஏறி நிற்கிறார்கள். அயல்மரத் தோப்பாக இருப்பதால், இந்தக் கூட்டம் ஒரு சோலைக்குள் போவதைவிட இங்கே வருவது மேல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு முடிவை யாராவது எடுத்து, அதற்கேற்ப மரப்பலகை நடைபாதை, வடிகால், இடம் மாற்றி ஓய்வு கொடுத்தல் என்று ஏற்பாடு செய்திருந்தால்தான் அதைத் திட்டம் என்று சொல்ல முடியும். இப்போது நடப்பது சாலையோரத்தில் இருக்கிறது, ஆகவே கூட்டம் வருகிறது என்ற அளவில்தான் இருக்கிறது.

சோலையின் தரை இதற்கு நேர்மாறானது. உதிர்ந்த இலை மட்கி, பாசி படர்ந்து, கால் வைத்தால் அழுந்தும் மண் அது. மழையையும் மூடுபனியின் ஈரத்தையும் உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் மெதுவாகக் கசியவிடும். கொடைக்கானலுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். சீசன் கூட்டம் வருவதோ ஏப்ரல், மே மாதங்களில். ஆக, நவம்பரில் பெய்த நீரை மே வரை பிடித்துவைத்திருக்கும் வேலையைச் சோலையும் புல்வெளியும் சதுப்பும்தான் செய்கின்றன. நகராட்சியின் குடிநீர் ஆதாரங்களான அப்சர்வேட்டரி நீர்த்தேக்கத்துக்கும் மனோரஞ்சிதம் அணைக்கும் நீர் வரும் பகுதிகள் காட்டைச் சார்ந்தவை. மரத்தோட்டம் இந்தக் கணக்கை எப்படி மாற்றும் என்பதற்கு நீலகிரியில் நல்ல சான்று உண்டு. கிளென்மார்கனில் உதகை மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார், அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றை அப்படியே விட்டு மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் யூகலிப்டஸ் பகுதியின் நீர் வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் சுழற்சியில் அது சுமார் 25 விழுக்காடானது. இதைப் படித்துவிட்டு ‘வாட்டிலை உடனே வெட்டித் தள்ளுங்கள்’ என்று சொல்லத் தோன்றும். பழனி மலையில் பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதால், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டினால் மீண்டு வரும் சோலையும் சேர்ந்து அழியும் என்று உள்ளூர்ப் பாதுகாவலர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. எந்தச் சரிவில் வெட்டுவது, எதில் விட்டுவைப்பது என்பதை நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இந்த நீர் கொடைக்கானலோடு நிற்பதுமில்லை. பழனிப் பக்கம் வரதமாநதியும் பாலாறு-பொருந்தலாறும், ஒட்டன்சத்திரம் பக்கம் பரப்பலாறும், தெற்கிலும் கிழக்கிலும் மஞ்சளாறும் மருதாநதியும் இந்த மலையிலிருந்தே இறங்குகின்றன. மலைமேல் எங்கே கார் நிறுத்துமிடம் வரவேண்டும் என்பதில் அடிவாரத்து நெல் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அந்த விவசாயிகளை யாரும் கேட்பதில்லை.

ஊருக்குள் காட்டுமாடு வருவதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் கிலோ வரை எடை போடும் இந்த விலங்கு இன்று ஏரிச்சாலையிலும் நாயுடுபுரத்திலும் பகலிலேயே நிற்கிறது. முட்டித் தூக்கியதில் உயிரிழந்தவர்களும் உண்டு. புல் மேயும் விலங்குக்கு மேட்டில் புல் இல்லை, வாட்டில்தான் இருக்கிறது. ஊருக்குள்ளோ தோட்டப் புல்தரையும் பள்ளி மைதானமும் பூங்காவும் பச்சையாக இருக்கின்றன. காட்டின் ஓரத்தில் திறந்து கிடக்கும் குப்பை மேலும் இழுக்கிறது. படம் எடுக்க நெருங்கும் வெளியூர்க்காரருக்கு அது ஒரு காட்சி. விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவருக்கும் மாலையில் பள்ளியிலிருந்து நடந்து வரும் குழந்தைக்கும் அது தினசரி அச்சம். காட்டுமாட்டை விரட்டப் பணியாளர்களை நியமிப்பது அவசியம்தான். என்றாலும் புல்வெளியை மீட்காமல் விரட்டிக்கொண்டே இருந்தால், விரட்டப்பட்ட விலங்கு போய் நிற்பதற்கு இடமில்லை.

இவ்வளவும் ஒன்றோடொன்று பின்னியிருக்க, பொறுப்போ துண்டு துண்டாக இருக்கிறது. பிரையண்ட் பூங்காவும் ரோஜாத் தோட்டமும் மே மாத மலர்க் கண்காட்சியும் தோட்டக்கலைத் துறையுடையவை. ஏரியும் ஏரிச்சாலையும் நகராட்சியுடையவை. படகு விடுவதில் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் 1890-இல் தொடங்கிய படகு கிளப்பும் பங்கு கொள்கின்றன. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை ஆகியவை வனத்துறைக்கு உரியவை. அவை எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருப்பதால், ஒன்றில் நெரிசல் என்றால் எல்லாவற்றிலும் நெரிசல். 1991-இல் வந்த ‘குணா’ படத்தால் பெயர் பெற்ற குகை, 2024-இல் வெளியான ஒரு மலையாளப் படத்துக்குப் பிறகு மீண்டும் பெருங்கூட்டத்தைக் கண்டது. ஒரு சினிமாவால் ஒரு சாலையின் போக்குவரத்து தலைகீழாகிறது என்றால், அந்தச் சாலைக்கென்று ஒரு திட்டம் இல்லை என்றே அர்த்தம். ஒவ்வொரு துறைக்கும் அதனதன் நுழைவுக் கட்டணம் வருமானம் என்பதால், கூட்டத்தைக் குறைத்துக்கொள்ள எந்தத் துறைக்கும் தானாக விருப்பம் வராது.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மலைப்பகுதிக் கட்டடங்களைக் கண்காணிக்க 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. மலைவாசத்தலங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் 1993-இல் வந்தன. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் கொடைக்கானலின் முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) அதே ஆண்டையது. விதிகளை அரசே தளர்த்தி அனுமதி கொடுத்ததால் எழும்பிய ஏழு மாடி ஓட்டல் ஒன்றை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடுத்த வழக்கு, 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று மேல்மாடிகளை இடிக்கும் உத்தரவில் முடிந்தது. அப்படி ஒரு தீர்ப்பு வந்த ஊரில், கால் நூற்றாண்டு கழித்து விதிமீறிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் சீல் வைக்கவேண்டி வந்தது. முழுமைத் திட்டம் உரிய காலத்தில் திருத்தப்படாமல் பல்லாண்டுகள் கிடந்ததும் இதற்கு ஒரு காரணம். திட்டம் பழசாகப் பழசாக, விதிமீறல் இயல்பாகிவிடுகிறது. அனுமதி கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்காமலே கட்டுகிறார்கள். 2001 மார்ச்சில் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, பாம்பாறு சோலைக்கு மேலுள்ள சரிவில்தான் இயங்கியது. எதை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்காததன் விலையை அந்தச் சோலையின் மண்ணும் அங்கே வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். அந்த நினைவு இருப்பதால்தான், எந்தப் புதிய திட்டத்தைச் சொன்னாலும் ஊர்க்காரர்கள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

2013 செப்டம்பரில் சுமார் 609 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குப் பாதுகாப்பு கூடியது என்பது மெய். ஆனால் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பகுதி விவசாயிகளுக்கும், தலைமுறைகளாகக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழும் பளியருக்கும் அது வேறு கேள்விகளை எழுப்பியது. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டருக்கு, கட்டுமானத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடுகள் உள்ள சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் கொந்தளிப்பு எழுந்தது. 2023 ஏப்ரலில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. வீட்டுக்கு ஒரு அறை கட்ட முடியாமல் போகுமோ, நிலத்தில் கிணறு தோண்ட முடியாதோ என்று பயப்படும் ஒருவரைக் காட்டின் எதிரி என்று முத்திரை குத்துவது நியாயமல்ல. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்த இடத்தை முதலில் முறையாக மதித்திருந்தால், அந்தப் பயத்தில் பாதி இருந்திருக்காது.

இ-பாஸ் வந்த பிறகு கவனிக்க வேண்டிய பக்கவிளைவும் இந்த மேல்மலைக் கிராமங்களில்தான் இருக்கிறது. ஊருக்குள் நெரிசல் என்று தெரிந்ததும் வண்டிகள் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் திரும்புகின்றன. காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் கூடாரம் அடித்து, இரவில் நெருப்பு மூட்டி, பாட்டுப் போடும் விடுதிகள் முளைப்பதும் தடை செய்யப்படுவதும் மாறி மாறி நடக்கின்றன. கோடையில் காய்ந்த புல்லும் பைன் ஊசியும் எவ்வளவு எளிதில் பற்றும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. காட்டுக்குள் பொழுதுபோக்கு கூடாது என்று வாதிடுபவர்கள் இந்த ஏற்பாட்டை உற்றுக் கவனிக்க வேண்டும். பாதை எது, எத்தனை பேர், யார் கூட வருவார், எந்த மாதத்தில் மூடப்படும் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டால், உள்ளே செல்பவர்களாலேயே காட்டுக்குக் காவல் கூடும்.

இதைவிடப் பழைய நல்ல முன்மாதிரி பேரிஜம் ஏரி. கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில், காட்டுக்குள் இருக்கும் இந்த ஏரிதான் அடிவாரத்துப் பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. அங்கே போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பு உண்டு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். யானைக் கூட்டம் ஏரிப்பக்கம் இறங்கினால் சில நாட்கள் அனுமதியே கிடையாது, அறிவிப்பு வைத்து மூடிவிடுகிறார்கள். போக முடியாதவர்கள் வருத்தப்படுகிறார்கள், பிறகு வேறு நாளில் வருகிறார்கள்; யாருடைய பிழைப்பும் அதனால் நின்றுவிடவில்லை. ஒரு குடிநீர் ஏரி, ஒரு யானை வழித்தடம், ஒரு சுற்றுலா இடம் ஆகிய மூன்றும் ஒரே விதிக்குள் அடங்கியிருப்பதால் இது நடக்கிறது. இங்கே வரம்பை வகுத்தது வண்டி நெரிசல் அல்ல, அந்த இடத்தின் தன்மை. ஐஐடி, ஐஐஎம் ஆய்வாளர்கள் மலை முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டால் போதாது என்று நான் கருதுவது இதனால்தான். தூண் பாறை தாங்கும் எண்ணிக்கை வேறு, மன்னவனூர்ப் புல்வெளி தாங்குவது வேறு. நீர்த்தேக்கம் பாதிக்குக் கீழே இறங்கிய ஏப்ரலில் ஊர் தாங்குவது நிரம்பிய டிசம்பரில் தாங்குவதைவிடக் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொழுதுபோக்குத் திட்டம் என்றாலே வருகிறவர்களுக்கு என்று நினைக்கும் பழக்கம், ஊரிலேயே வாழ்பவர்களை மறக்க வைக்கிறது. மூஞ்சிக்கல்லிலும் ஆனந்தகிரியிலும் நெருக்கமான வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட ஒரு சமதளம், முதியவர் காட்டுமாட்டுக்கும் காருக்கும் பயப்படாமல் நடக்க ஒரு பாதை, சீசன் மாதங்களில் மருத்துவமனைக்குப் போய்ச்சேர ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி ஆகியவையும் அதே திட்டத்தின் பகுதிகள்தான். சீசனில் ஊர்க்காரர்களே ஏரிப்பக்கம் போவதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தங்கள் ஊரின் ஏரியையும் சோலையையும் அனுபவிக்க முடியாதவர்களிடம் அவற்றைக் காக்கச் சொன்னால், எவ்வளவு காலத்துக்கு அவர்கள் காப்பார்கள்?

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ரோப்கார் அமைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. மலைப்பாதையில் கார்கள் குறையும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். மேலே இறங்குகிறவர்களை ஏற்றிச் செல்ல ஊருக்குள் பொதுப் பேருந்து இல்லையென்றால், அடிவாரத்தில் குறைந்த கார்களுக்குப் பதிலாக மேலே வாடகை ஜீப்புகள் பெருகும். ஆகவே வரிசை முக்கியம்: பெருமாள்மலையிலோ அதற்கும் கீழேயோ வண்டிகளை நிறுத்திவிட்டு நகராட்சியின் சிற்றுந்துகளில் காட்சிமுனைகளுக்குச் செல்லும் ஏற்பாடு முதலில், ரோப்கார் பற்றிய முடிவு பிறகு. அதேபோல், இப்போது பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி, நுழைவுக் கட்டணம், சுங்கம் என்று பல வழியில் வசூலாகும் பணத்தில் ஒரு பகுதி நேரடியாகப் புல்வெளி மீட்புக்கும் சோலை நாற்றங்கால்களுக்கும் குப்பை பிரிப்புக்கும் போக வேண்டும். எங்கே, எவ்வளவு செலவானது என்பதை வார்டுவாரியாக மக்கள் பார்க்கவும் வேண்டும். 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழல் மீட்புக்குமென்று ஒரு கொள்கை வகுத்திருப்பதால், இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

முழுமைத் திட்டம் திருத்தப்படும்போது, 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் வழக்கமாக இருப்பவை குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, சாலை அகலம். அதோடு ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சோலையும், ஓடையின் தொடக்கமும், சதுப்பும், மீட்கக்கூடிய புல்வெளியும், காட்டுமாடும் யானையும் வந்துபோகும் தடமும், தீ பரவும் சரிவும் குறிக்கப்பட வேண்டும். இவற்றைக் குறித்த பிறகு மிஞ்சும் இடத்தில்தான் பூங்காவும் வாகன நிறுத்துமிடமும் காட்சிமேடையும் வர முடியும். வரைவு தமிழில் வெளியாகி, வார்டு கூட்டங்களிலும் மேல்மலைக் கிராம சபைகளிலும் பளியர் குடியிருப்புகளிலும் படித்துக்காட்டப்பட்டு, அங்கே சொல்லப்படும் ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும்.